கண்ணில் படாத வீரன்

"அண்ணா, என்னை அடித்தது யார் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இதற்கு விளையாட்டு என்றா பெயர்?"

பல்கலைக்கழகத்திற்கு அருகிலுள்ள உணவு விடுதி ஒன்றில், சாம்பார் என்ற பெயரால் வந்த இனிப்புக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்து அமர்ந்த முதலாண்டுத் தம்பி கேட்ட கேள்வி இது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. சினத்திலும் மரியாதை குறையாதவர். முந்தைய சனிக்கிழமை இரவு, நாங்கள் ஆக்கிய இணையவழி விளையாட்டில் அவர் உப்பு விற்கும் உமணராக இருந்தார். ஆறு முறை சந்தைக்குப் புறப்பட்டார். ஆறு முறையும் வழியில் மடிந்தார். ஆறாம் முறைக்குப்பின் கணிப்பொறியை மூடியவர் திரும்ப வரவில்லை. அவரை ஆறு முறையும் கொன்றவன் நான்தான். அதனைச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. "பார்க்கிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

அவருடைய கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை. முதலில் எங்கள் விளையாட்டைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன்.

புனே நகரின் கிழக்கெல்லையில், முளா-முட்டா ஆற்றை ஒட்டி இருக்கிறது கராடி. பகலில் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிச் சுவர்கள் கண்ணைக் கூசச் செய்யும். இரவில் தெருநாய்கள் ஆட்சி செய்யும். அங்கே ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தமிழர் நால்வர் குடியிருக்கிறோம். இருவர் பணியில் இருப்பவர், இருவர் மாணவர். விடுமுறை நாட்களில் எழுதி எழுதி ஒரு சிறு மாயக்கதை விளையாட்டை உருவாக்கினோம். அதற்கு 'வெட்சி' என்று பெயரிட்டோம். இரண்டு ஊர்கள், நடுவே ஒரு காடு, ஊருக்கு ஓர் ஆநிரை. ஓர் ஊரார் மற்றோர் ஊரின் ஆவைக் கவர வேண்டும். அவர்கள் மீட்க வேண்டும். சனிக்கிழமை இரவுகளில் இருபது முப்பது பேர் கூடுவர்.

இத்தகைய விளையாட்டில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்வர். ஆங்கிலத்தில் கிளாஸ் என்பார்கள். 'வகுப்பு' என்று மொழிபெயர்த்தால் நம் நாட்டில் வேறு நினைவுகள் வந்து சேர்கின்றன. ஆகவே தொழில் என்றே வைத்துக்கொண்டோம். மறவர், மருத்துவர், உமணர், மாயம் வல்லவர் என நான்கு தொழில்கள் இருந்தன. ஐந்தாவதாக, மறைந்து செல்ல வல்ல ஒருவரைச் சேர்க்க விரும்பினோம். ஒற்றுக்குப் பழந்தமிழில் 'வேய்' என்றொரு சொல் உண்டு. ஆதலால் அவருக்கு 'வேயர்' என்று பெயர் சூட்டினோம். பெயர் அழகாக அமைந்தது. ஆள்தான் அமையவில்லை.

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் வந்ததன்று. இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் தாயெனத்தக்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய அந்த மேசை விளையாட்டில் முதலில் மூன்றே தொழில்கள்: போர்வீரர், மாயம் வல்லவர், சமய குரு. திருடர் 1975-இல் வந்த இணைப்பு நூலில்தான் சேர்ந்தார். நிழலில் ஒளிதல், ஓசையின்றி நடத்தல் ஆகிய திறமைகள் அவருக்கு நூற்றுக்கு இத்தனை என்று அளந்து தரப்பட்டன. முதல் நிலைத் திருடர் நிழலில் ஒளிந்து வெற்றி பெறும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து! இவ்வளவு மோசமான திருடர் எந்த ஊரில் பிழைப்பார் என்று கேட்கத் தோன்றுகிறது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒளிதல் திருடரின் தனித்திறமை என்று எழுதிவிட்டதால், மற்றவர் கதவுக்குப் பின்னால் நிற்பதும் கூடாதோ என்ற வழக்கு ஆட்டக்காரரிடையே எழுந்தது.

நாங்களும் பகடையில்தான் தொடங்கினோம். வேயர் ஒரு பொத்தானை அழுத்தினால் மறைந்துவிடுவார். ஒவ்வொரு நொடியும் பகடை உருளும். நூற்றுக்கு ஐந்து வாய்ப்பில் அவர் பிறர் கண்ணில் படுவார். ஐந்துதானே என்று எண்ணினோம். ஆனால் காட்டைக் கடக்க அறுபது நொடி ஆகும். அறுபது முறை பகடை உருண்டால், ஒருமுறையும் அகப்படாமல் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 0.95 என்னும் எண்ணை அறுபது முறை பெருக்கிப் பாருங்கள், 0.046 வரும். வேயரைத் தேர்ந்தவர் எல்லாரும் காட்டின் நடுவிலேயே அகப்பட்டு உதை வாங்கினர். இரக்கப்பட்டு, ஐந்தை ஒன்றாகக் குறைத்தோம். உடனே தப்பும் வாய்ப்பு ஐம்பத்து நான்குக்கு மேல் ஏறிற்று. இப்பொழுது உதை வாங்கியவர் மற்றவர் எல்லாரும். உமணர் தம்பி ஆறு முறை மடிந்தது இந்த இரண்டாம் ஏற்பாட்டில்தான்.

எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை என்பது அப்பொழுதுதான் எங்களுக்கு உறைத்தது. பகடை யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. வென்றவர் தம் திறமை என்பார். தோற்றவர் தம் விதி என்பார். அடுத்த முறை என்ன செய்யலாம் என்று இருவருக்கும் தெரியாது.

விளையாட்டு உலகில் இதனை முதலில் ஆராய்ந்து எழுதியவருள் ஒருவர் ரிச்சர்டு பார்ட்டில். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா 1978-இல் தொடங்கிய 'மட்' என்னும் விளையாட்டை அவரோடு சேர்ந்து வளர்த்தவர். பலர் ஒரே நேரத்தில் உலவும் கணிப்பொறி உலகங்களுள் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. நம்மைப்போல் மாணவர்கள் பொழுதுபோக்காகச் செய்ததுதான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. 1996-இல் எழுதிய கட்டுரையில், ஆட்டக்காரரை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்போர், ஆராய்வோர், அளவளாவுவோர், பிறரைத் தாக்குவோர். தாக்குவோர் பெருகினால் அளவளாவுவோர் வெளியேறிவிடுவர் என்பது அவர் கண்டது. உப்பு விற்க வந்தவர் போய்விட்டார். உப்புச் சந்தை சனிக்கிழமைதோறும் வெறிச்சோடியது. எங்கள் வீட்டில் பார்ட்டில் மெய்யானார்.

பகடையை விட்டால் வேறு வழி என்ன? மறைவு என்பது உண்மையில் எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை, எங்கள் குடியிருப்பின் வாயிலே போதுமானதாக இருந்தது. ஓரிரவு நால்வரும் மாறி மாறி, காவற்காரர் காகாவின் கண்ணில் படாமல் உள்ளே நுழைய முயன்றோம். (இளைஞர்களின் கிறுக்குத்தனம் என்று அவர் பின்னர் மன்னித்துவிட்டார்.) மதிலோரமாக ஓடிய நண்பர் உடனே அகப்பட்டார். மரத்தடியில் அசையாமல் நின்ற நான் ஐந்து நிமிடம் தப்பினேன். ஆனால் ஒரு நாய் என்னைக் கண்டு குரைத்தது. காகா என்னைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தார், நாய் பார்த்த திசையைப் பார்த்தார், அகப்பட்டேன். நான்காம் நண்பர் காலித் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் நேராக நடந்து வந்தார். காகா தலை நிமிரவே இல்லை.

அந்தத் தண்ணீர்க் கேன் எனக்கு இந்த ஊரின் பழங்கதை ஒன்றை நினைவூட்டியது. ஔரங்கசீபின் தாய்மாமன் சாயிஸ்தகான் 1660-இல் புனேயைப் பிடித்து, லால் மகாலில் தங்கினார். சிவாஜி இளமையில் வளர்ந்த வீடு அது. 1663 ஏப்ரல் மாதத்தில், இரமலான் நோன்பு நாட்களின் ஓரிரவில், சிவாஜி ஒரு சிறு படையுடன் அந்த வீட்டிற்குள்ளேயே புகுந்து தாக்கினார். பெரும்படை சூழ இருந்த சாயிஸ்தகான் கைவிரல்களை இழந்து உயிர் தப்பினார். அவர் மகன் மாண்டார். மராட்டியருள் ஒரு பகுதியினர் திருமண ஊர்வலத்தார்போல் நகருக்குள் வந்தனர் என்றும், சமையற்கட்டின் பக்கமாகச் செங்கல் அடைப்பைப் பெயர்த்து நுழைந்தனர் என்றும் முகலாய வரலாற்றாசிரியர் காபிகான் எழுதியுள்ளார். இன்று கசபா பேட்டையில் நாம் காணும் லால் மகால் 1980-களில் எழுப்பிய நினைவுக் கட்டிடம். என்றாலும் அதன் முன் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அங்கே எவரும் கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. கல்யாணக் கூட்டத்தை எல்லாரும் கண்டார்கள், கண்டும் ஐயுறவில்லை. வீட்டின் அமைப்பை வந்தவர் அறிந்திருந்தனர். காப்பவர் அந்த அளவு அறியவில்லை.

ஆகவே மறைவு என்பது மறைபவரின் உடம்பில் இருக்கும் ஆற்றல் அன்று. காண்பவரின் அறிவில் இருக்கும் குறை. இவ்வளவு தெளிந்ததும் வேலையின் திசையே மாறிவிட்டது. வேயருக்கு என்ன கொடுப்பது என்று கேட்பதை நிறுத்தினோம். வேயர் வரும்பொழுது மற்றவருக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்கத் தொடங்கினோம்.

தேர்ந்த விளையாட்டுகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவற்றின் கைவேலை விளங்குகிறது. 2004-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்தபோது அதில் மறைந்து செல்பவர் மெல்லத்தான் நடக்க முடிந்தது. எதிரியின் முகத்திற்கு நேரே நெருங்கினால் எளிதில் அகப்படுவார், முதுகுப்புறம் வந்தால் தப்புவார். தாக்கியவுடன் மறைவு கலைந்துவிடும். 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 மாயக்கதை அன்று. ஆயினும் அதன் ஒற்றரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மறைந்திருக்கும் அவர்மீது யாரேனும் மோதினால் உருவம் ஒரு கணம் மினுங்கும். தீப்பட்டால் எரிவது தெரியும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் 2016-இல் மறைவை இரண்டாகப் பிரித்தது. ஒன்று நெடுநேரம் நீடிக்கும். ஆனால் எதிரி அருகில் வந்தால் கலையும். மற்றொன்று அருகில் வந்தாலும் கலையாது; ஆனால் சிறிது நேரமே நிற்கும். எல்லாவற்றிலும் தேடுபவருக்கு ஒரு பிடி கொடுக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1999-இல் வந்த எவர்குவெஸ்ட். அங்கே கொல்லும் வேலையைவிட வேறொரு வேலைக்காகத் திருடரைத் தேடி வந்தார்கள். அந்நாளில் அந்த விளையாட்டில் இறந்தவரின் உடைமையெல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். அரக்கர் நிறைந்த குகையின் அடியில் போய் அதை எடுப்பது யார்? ஒளிந்து மெல்ல நடக்கத் தெரிந்த திருடர்தான் உள்ளே சென்று, பிணத்தைப் பாதுகாப்பான இடத்திற்கு இழுத்து வருவார். திருடர் என்ற பெயரில் இருந்தவர் ஊருக்கு உபகாரியாகத் திகழ்ந்தார்!

எங்களுக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட வெட்சித் துறைகளை மீண்டும் எடுத்துப் படித்தபோது, நண்பர் ஒருவர் "இது விளையாட்டு விதிப் புத்தகமடா!" என்று கத்திவிட்டார். மிகையன்று. பதினான்கு துறைகளும் ஓர் இரவுப் பயணத்தின் படிகளாக அமைந்துள்ளன. படை புறப்படும் ஓசை, நற்சொல் கேட்கும் விரிச்சி, பக்கத்தார் அறியாமல் செல்லுதல், அவ்வாறே அறியாமல் ஒற்றிவரும் வேய், ஊர்ப்புறத்தே தங்குதல், பின்னர்த் தாக்குதல், ஆகோள். அத்துடன் முடிந்ததா? இல்லை. தொடர்ந்து வருபவரோடு பொருதல், ஆக்களை வருத்தமின்றி ஓட்டி வருதல், ஊர் வந்து சேர்த்தல், பங்கிட்டுக் கொள்ளும் பாதீடு, உண்டாட்டு, கொடை என மற்றொரு பாதி இருக்கிறது. போவது மறைவு, மீள்வது வெளிச்சம்.

இந்தப் பிரிவில்தான் எங்கள் சிக்கலின் முடிச்சு அவிழ்ந்தது. வேயர் மறைந்து போகட்டும்; அது அவர் உரிமை. ஆனால் அவர் கவர்வது ஆநிரை. பசு கத்தும், கன்று பின்தங்கும், கழுத்து மணி ஒலிக்கும், புழுதி எழும். முன்பாதியில் அடைந்த நலனுக்குப் பின்பாதியில் விலை கொடுக்க வேண்டும். எங்கள் முதல் வேயர் மனிதரைக் கொன்றுவிட்டு மறுபடியும் மறைந்துவிட்டார். கொலைக்குப்பின் சுமக்க அவருக்கு எதுவுமே இல்லை. பிழை அங்கேதான் இருந்தது. இப்பொழுது வேயர் தாக்கினால் இரண்டு நிமிடம் மறைய முடியாது. ஆக்களோடு இருக்கும்வரை மறையவே முடியாது.

பகடைக்கு மாறாக 'ஐயம்' என்றோர் அளவை வைத்தோம். ஒன்றுமில்லாமல் தொடங்கி நூறுவரை ஏறும். ஓடினால் விரைந்து ஏறும். நிலவொளியில் நடந்தால் ஏறும். காற்றின் திசையில் நாய் இருந்தால் இன்னும் ஏறும். நிழலில் அசையாது நின்றால் மெல்ல இறங்கும். காப்பவர் இந்த எண்ணைப் பார்க்க முடியாது. அதன் அடையாளங்களையே காண்பார். முப்பதில் பறவை ஒன்று கலைந்து எழும். அறுபதில் நாய் உறுமும். எண்பதில் விளக்கின் சுடர் வேயர் இருக்கும் பக்கமாகச் சாயும். (மாயக்கதை அல்லவா, சிறிது மாயமும் வேண்டும்.) தண்ணீர்க் கேன் நண்பரின் நினைவாக மாறுவேடமும் சேர்த்தோம். உமணராக வேடமிட்ட வேயர் உமணர் வழியில் நடக்கும்வரை ஐயம் ஏறாது. வழி விலகினால் இரட்டிப்பாக ஏறும்.

மறுபக்கத்தில் கரந்தையாருக்கும் ஒரு புதிய தொழில் தேவைப்பட்டது. கரத்தல் என்றால் மறைதல். ஆனால் மறைந்தவரிடமிருந்து மீட்பவர் சூடுவது கரந்தை! இந்த ஒலியொற்றுமை எனக்கு இன்றும் வியப்பு. அவர்களுக்காக நம் ஊர் வழக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டோம். களவுபோன பொருளைக் கண்டுபிடிக்க 'மை போட்டுப் பார்ப்பது' என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விளையாட்டிற்கு மிகப் பொருத்தம். மை பார்ப்பவர் ஓரிடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். அப்பொழுது கடந்த ஒரு நிமிடத்தில் அப்பக்கம் நடந்தவரின் அடிச்சுவடு வெற்றிலையில் தெரியும். ஆள் தெரியாது, சுவடு மட்டும் தெரியும்.

இனி, எங்களை மிகவும் அலைக்கழித்த பகுதி. இணையவழி விளையாட்டில் உண்மை நிலவரம் நடுவிலுள்ள சர்வரில் இருக்கும். அங்கிருந்து வரும் செய்தியைக் கொண்டு ஒவ்வொருவர் கணிப்பொறியும் தன் திரையில் படம் வரைகிறது. முதலில் நாங்கள் சோம்பேறித்தனமாக, வேயர் இருக்கும் இடத்தையும் எல்லாருக்கும் அனுப்பி, 'இவரை வரையாதே' என்று ஒரு குறிப்பும் சேர்த்தோம். பரீட்சைத் தாளோடு விடைத்தாளையும் கொடுத்து, 'பார்க்காதே' என்பது போன்றது இது. ஒரு நண்பர் அரைமணி நேரத்தில் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டு, வேயர் அனைவரையும் தம் திரையில் உலவவிட்டுக் காட்டினார். சொல்லாத செய்தியைத்தான் எவராலும் திருட முடியாது. 2020-இல் வந்த வேலரண்ட் விளையாட்டை ஆக்கிய ரயட் நிறுவனத்தார் இந்த வழியையே பின்பற்றினர். சுவருக்கு அப்பால் இருப்பவரின் இடத்தைத் தேவைப்படும் வரையில் சர்வர் அனுப்புவதே இல்லை என்று விளக்கி எழுதியுள்ளனர். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. செய்தி வந்து சேரச் சிறிது நேரம் ஆகிறது. கண்ணில் பட்ட பிறகே அனுப்பினால், ஆள் வானத்திலிருந்து குதித்தாற்போல் தோன்றுவார். ஆகவே ஒரு கணம் முன்னதாக அனுப்ப வேண்டும். அந்த ஒரு கணத்தை எவ்வளவு என்று வைப்பது? புனேயிலிருந்து ஆடுபவருக்குச் சரியாக இருப்பது மதுரையிலிருந்து ஆடுபவருக்குச் சரியாக இருப்பதில்லை. இதை எழுதும் நாள்வரை அதனைத் திருத்திக்கொண்டேதான் இருக்கிறோம்.

ஓசைக்கும் இதே தொல்லை. நாய் உறுமும் இடத்தைத் துல்லியமாக அனுப்பினால் அதுவே வேயரைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே எட்டுத் திசைகளுள் ஒன்றை மட்டும் அனுப்புகிறோம். காகாவும் திசையைத்தானே பார்த்தார்!

தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஆட்டக்காரர் இருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஆடினால், ஒருவர் கண்டதை மற்றவர் அக்கணமே அறிகிறார். நாங்கள் எழுதும் எந்த விதியும் நண்பர்களின் வாயைக் கட்டாது. ஓர் ஒற்றர் சொன்னதை வேறோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கச் சொல்லும் வள்ளுவர் கட்சியில் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டோம்.

கடைசியாகச் செய்தது மிகச் சிறிய வேலை. இரண்டு மாலைப் பொழுதில் முடிந்தது. மடிந்தவரின் திரையில் உடனே காட்டின் படம் விரியும். அவரைத் தாக்கியவர் எங்கிருந்து புறப்பட்டார், எந்த மரத்தடியில் நின்றார், எங்கே பறவை கலைந்தது, எங்கே நாய் உறுமியது என்று சுவடு முழுவதும் புள்ளி புள்ளியாய்த் தெரியும். சுவட்டின் முடிவில் தாக்கியவரின் பெயர் இருக்கும்.

பழைய ஆட்டங்களின் பதிவு சர்வரில் இருந்தது. தம்பியின் ஆறு சாவுகளுக்கும் சுவடு வரைந்து, கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு அதே உணவு விடுதிக்குப் போனேன். ஆறு படங்களின் கீழும் என் பெயர். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்காவது முறை நாய் குரைத்தது அண்ணா, எனக்கு நினைவிருக்கிறது. அது சும்மா குரைக்கிறது என்று நினைத்தேன்" என்றார். பிறகு, "ஆறு முறையும் அதே புளியமரத்தடியிலா நின்றீர்கள்?" என்று கேட்டார். ஆமென்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். உமணராக அல்லர், மை பார்ப்பவராக. புளியமரத்திற்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கவே மறுத்தார்.

இப்பொழுது கரந்தைப் பக்கம் ஆள் குறைவாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறோம். கணிப்பொறி இல்லாதவர் கராடிக்கே வந்துவிடலாம். வீட்டில் ஒன்று உபரியாக உள்ளது. வாயிலில் காகாவிடம் பெயர் சொல்லிவிட்டு வரவும்.